‘அழைத்து வந்தவர்’ என்ற கட்டம்

விபத்தில் அடிபட்டு வருபவர்களுக்காக அவசர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் எழுதும் விபத்துப் பதிவேட்டில், ‘அழைத்து வந்தவர்’ என்று ஒரு சிறு கட்டம் உண்டு. நீதிமன்றம் வரை போகக்கூடிய ஆவணம் என்பதால் காயங்களின் நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் அளந்து எழுதுவோம். இந்தக் கட்டத்தை மட்டும் ‘108’ என்றோ ‘வழிப்போக்கர்’ என்றோ எழுதிக் கடந்துவிடுவோம்.

தொடையில் ஆழமான வெட்டும் எலும்பு முறிவுமாக ஒரு விடியற்காலையில் கொண்டுவரப்பட்ட இளைஞர், ஆறு வாரம் கழித்து ஊன்றுகோலுடன் மறுபரிசோதனைக்கு வந்தார். அறுவை சிகிச்சை செய்தவர் யார் என்று அவர் கேட்கவில்லை. “என்னோட வந்த அண்ணன் பேரு என்ன டாக்டர்?” என்றுதான் கேட்டார். அந்த அண்ணன், சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போய்க்கொண்டிருந்த குட்டியானை வண்டியின் ஓட்டுநர். 108-ஐ அழைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை மடித்துக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்து, ஆம்புலன்ஸ் வந்ததும் வண்டியை லோடுமேனிடம் ஒப்படைத்துவிட்டுத் தானும் ஏறி வந்திருக்கிறார். வழி முழுக்க, “தம்பி, கண்ண மூடாத, எந்த ஊருன்னு சொல்லு” என்று பேசிக்கொண்டே வந்தாராம். முகம் நினைவில்லை, குரல் மட்டும் மறக்கவில்லை என்றார் இளைஞர்.

எனக்கு அந்த முகம் நினைவிருந்தது. நோயாளியை எங்களிடம் ஒப்படைத்ததும், “கை கழுவ எங்க சார் தண்ணி இருக்கு?” என்று அவர் கேட்டார். முழங்கை வரை ரத்தம் உறைந்திருந்தது. அவசரத்தில் நான் திருப்பிக் கேட்டது, “நீங்கதான் இடிச்சீங்களா?” என்பது. இல்லை என்று தலையசைத்தவர், லுங்கியிலேயே கையைத் துடைத்துக்கொண்டு வெளியேறினார். பதிவேட்டில் ‘108’ என்று எழுதியதும் நான்தான்.

அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று அன்று நான் வற்புறுத்தியிருந்தால், அதுவும் சட்டத்துக்குப் புறம்பானதாகவே இருந்திருக்கும். உதவ முன்வருபவரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று ஒப்புதல் அளித்து, அவற்றை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது என்கிறது. பெயரைச் சொல்லாமலேயே அவர் கிளம்பலாம். மருத்துவமனை அவரிடம் பணம் கேட்கவோ, அவரை நிறுத்திவைக்கவோ கூடாது. செலவைப் பற்றியும் அவர் கவலைப்பட வேண்டியதில்லை. தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை; திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். இவ்வளவு இருந்தும் சாலையோரத்தில் பலர் தயங்கி நிற்பதற்கு, நாங்கள் வாசலில் கேட்கும் முதல் கேள்வியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அந்த ஓட்டுநர் செய்தவை மருத்துவ முறைப்படியும் சரியானவை. பெருகும் ரத்தத்தை நிறுத்தச் சுத்தமான துணியை மடித்து, இடைவிடாமல் அழுத்திப் பிடிப்பதே முதல் வேலை. துணி நனைந்தால் அதை எடுத்துவிடாமல், மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். அவர் சோடா வாங்கிக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பரிவோடு செய்யப்படும் தவறு அது. நினைவு மங்கியவர் குடிக்கும் நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். கழுத்தை அசைக்காமல், அவசியமின்றித் தலைக்கவசத்தைக் கழற்றாமல், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது போதும்.

இப்போதெல்லாம் யாராவது ஒருவரை அழைத்து வந்தால், குழாய் இருக்கும் இடத்தைக் காட்டி, சோப்பையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன். பெயரைச் சொன்னால் எழுதிக்கொள்கிறேன், சொல்லாவிட்டால் கேட்பதில்லை.

அந்த இளைஞர் ஊன்றுகோலை விட்டு நடக்கத் தொடங்கிவிட்டார். சந்தைச் சாலையில் காய்கறி ஏற்றிய குட்டியானை எது நின்றாலும், ஓட்டுநரிடம் போய், தெரிந்த ஊருக்கே வழி கேட்கிறாராம், குரலைக் கேட்பதற்காக. கடைசியாக வந்தபோதும், இன்னும் கிடைக்கவில்லை என்றுதான் சொன்னார்.