சாலட் பிடிக்கவில்லை என்பவர்களுக்கு

உணவுமுறையை மாற்றிக்கொள்ள முடிவெடுத்தவர்களில் நிறையப் பேர் முதலில் செய்வது இதுதான்: கொஞ்சம் வெள்ளரிக்காய், கொஞ்சம் கேரட், ஒரு தக்காளி எல்லாவற்றையும் வெட்டித் தட்டில் போட்டு, உப்பு கூடச் சேர்க்காமல் கடனே என்று மென்று முடிப்பது. சில நாள் தாக்குப்பிடிப்பார்கள். அப்புறம் அந்தத் தட்டைப் பார்த்தாலே வெறுத்துவிடும். பழையபடி பாக்கெட் தீனிக்குத் திரும்பிவிடுவார்கள். அதோடு நிற்காமல், "எனக்கு மனக்கட்டுப்பாடு போதாது" என்று தங்களையே நொந்துகொண்டு என் எதிரில் உட்காருவார்கள்.

உணவியல் நிபுணராக அவர்களிடம் நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான். கோளாறு அந்தத் தட்டில்தான் இருக்கிறது. ருசியில்லாத சாப்பாட்டை யாராலும் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட முடியாது, சாப்பிடவும் வேண்டியதில்லை.

எடை குறைக்க வந்த ஒரு பெண்மணியின் உணவுக் குறிப்பேடு இப்போதும் கண்ணில் நிற்கிறது. மதியம் என்ற கட்டத்தில் "வெள்ளரி, கேரட், தக்காளி. எண்ணெய் இல்லை, உப்பு இல்லை" என்று எழுதி, கடைசி நான்கு வார்த்தைகளுக்கு அடிக்கோடு போட்டிருந்தார். மாலைக் கட்டத்தில் "டீ, பிஸ்கட்". எத்தனை பிஸ்கட் என்று எழுதிவிட்டு, எண்ணிக்கையை மட்டும் பேனாவால் அழுத்தி அடித்திருந்தார். வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர்தான். மூன்று காயும் சேர்ந்தாலும் அந்தத் தட்டு 100 கலோரியைத் தாண்டுவது கஷ்டம், புரதம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சாயங்காலம் பசிக்காமல் என்ன செய்யும்? பிஸ்கட்டைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. மதியத் தட்டில் ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலை, ஒரு தேக்கரண்டி எண்ணெய், எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, மேலே வறுத்த எள், இவ்வளவையும் சேர்க்கச் சொன்னேன். அடுத்த முறை அவர் கொண்டுவந்த குறிப்பேட்டில் மாலைக் கட்டம் பல நாட்களில் வெறும் "டீ" என்றே இருந்தது.

எண்ணெய் என்றதும் பலர் பதறுகிறார்கள். பதற வேண்டாம். கேரட், தக்காளி, கீரை இவற்றில் இருக்கும் கரோட்டினாய்டுகள் என்ற நிறமிச் சத்துகள் கொழுப்பில் கரைபவை, கொழுப்பு இல்லாவிட்டால் குடல் அவற்றைச் சரியாக உறிஞ்சாது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங்கோடு (சாலட்டில் ஊற்றிக் கலக்கும் சாறு) சாலட் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் கரோட்டினாய்டுகள் ஏறக்குறையச் சேரவே இல்லை. அதே சாலட்டில் எண்ணெய் கூடியபோது உறிஞ்சுவதும் கூடியது. ஆக, எண்ணெயைத் துறந்து சாப்பிட்ட கேரட்டின் பலனில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே போகிறது. ஒருவருக்கு ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி போதும். எண்ணெய் பிடிக்காதவர்கள் வேர்க்கடலையோ பாதாமோ ஒரு முட்டையோ சேர்த்துக்கொள்ளலாம், அதிலிருக்கும் கொழுப்பும் இந்த வேலையைச் செய்யும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே 2004இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த இன்னொரு ஆய்வில், சாப்பாட்டுக்கு முன் கலோரி குறைந்த சாலட்டைப் பெரிய கிண்ணம் நிறையச் சாப்பிட்டவர்கள், சாலட்டையும் சேர்த்தே அந்த வேளையில் 12 சதவீதம் குறைவான கலோரி எடுத்தார்கள். ஆனால் கொழுப்பு மிகுந்த டிரெஸ்ஸிங்கும் சீஸும் தாராளமாகப் போட்ட சாலட்டை அதே அளவு சாப்பிட்டவர்களுக்கு மொத்தக் கலோரி 17 சதவீதம் கூடிவிட்டது. மயோனைஸில் முங்கி எழுந்த கிண்ணத்துக்கும் சாலட் என்றுதான் பெயர். பெயரை நம்பாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

உப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. உப்பில் உள்ள சோடியம் கசப்பை அமுக்கி, காயில் இயல்பாக உள்ள இனிப்பை வெளியே கொண்டுவருகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. அந்தக் கணக்கை உடைப்பது பெரும்பாலும் பாக்கெட் உணவும் ஊறுகாயும் சாஸும்தான். அவற்றைக் குறைத்தவர் சாலட்டில் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் கண்டிப்பாகக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் புளிப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். எலுமிச்சை, வினிகர், கெட்டித் தயிர், புளிப்பான மாதுளை எதுவானாலும் சரி, உப்புக் குறைவது அவ்வளவாகத் தெரியாது.

இனி வெட்டுவது. ருசியில் பாதி கத்தியில் இருக்கிறது என்பது என் அனுபவம். கேரட்டைத் தடிமனான வட்டமாக வெட்டினால் மென்று மென்று தாடை வலிக்கும். அதையே துருவினால் செல்கள் உடைந்து சாறு வெளியே வரும், இனிப்பு உடனே நாக்கில் தெரியும். முட்டைக்கோஸை நூல் போலச் சன்னமாக அரிந்து, உப்பு தூவி விரல்களால் பிசிறிக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். விறைப்பு போய்த் தளர்ந்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கும், பச்சை வாடையும் குறைந்திருக்கும். வெங்காயத்தின் காரம் நெஞ்சைக் கரிக்கிறது என்றால் நறுக்கிப் பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வடித்துவிடுங்கள். இலைகளைக் கழுவியபின் துணியில் ஒற்றி ஈரம் போக்குவது அவசியம். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது, டிரெஸ்ஸிங் எல்லாம் கிண்ணத்தின் அடிக்குப் போய்விடும், மேலே இருப்பது சப்பென்றிருக்கும்.

வேலைக்கு எடுத்துப் போகிறவர்கள் டப்பாவின் அடியில் டிரெஸ்ஸிங், அதன்மேல் கொண்டைக்கடலை, கேரட் போன்ற கெட்டியானவை, எல்லாவற்றுக்கும் மேலே இலைகள் என்று அடுக்குங்கள். சாப்பிடும்போது குலுக்கிக்கொண்டால் போதும். வறுத்த கடலைகளைத் தனியே ஒரு பொட்டலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மொறுமொறுப்பு போனால் பாதி சுகம் போய்விடும்.

பச்சைக்காய் என்றாலே ஆகாது என்பவர்களும் வருகிறார்கள். சாலட் பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஆவியில் வேகவைத்த பீட்ரூட், பூசணி, பீன்ஸ் இவற்றை இளஞ்சூடாக எலுமிச்சையும் மிளகும் சேர்த்துக் கலந்தால் அதுவும் சாலட்தான். சொல்லப்போனால் வேகவைத்த கேரட்டிலிருந்து பீட்டா கரோட்டினும், வேகவைத்த தக்காளியிலிருந்து லைகோபீனும் என இந்தக் கரோட்டினாய்டுகள் உடம்பில் நன்றாகச் சேர்கின்றன. வைட்டமின் சி மட்டும் வேகும்போது குறையும், அதைக் கடைசியில் பிழியும் எலுமிச்சை கொஞ்சம் ஈடுகட்டும். அந்த எலுமிச்சைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது துணை செய்கிறது. ரத்தசோகை இருப்பவர்களிடம் நான் இதைத் தவறாமல் சொல்வேன்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனியும் 25 கிராம் நார்ச்சத்தும் பரிந்துரைக்கிறது. இதைப் படித்துவிட்டு நாளைக்கே பெரிய கிண்ணத்தோடு உட்காராதீர்கள். திடீரென்று கூடிய நார்ச்சத்தைப் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும்போது வாயு சேரும், வயிறு உப்பும். "சாலட் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்கு நடப்பது இதுதான். முதல் வாரம் அரைக் கிண்ணம், அப்புறம் மெல்லக் கூட்டுங்கள். தண்ணீரும் கூடவே கூட வேண்டும்.

வீட்டில் குழந்தைகள் தொடவில்லை என்றாலும் ஓய்ந்துவிடாதீர்கள். புதிய காயைப் பத்து தடவைக்கு மேல் சுவைத்த பிறகு ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் நிறைய. கட்டாயப்படுத்தாமல், ஒரு துண்டை மட்டும் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு வேறு பேச்சு பேசுங்கள்.

சில விஷயங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ராஜ்மாவைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாலட்டில் போடவே கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்தே பயன்படுத்துங்கள். முளைகட்டிய பயறு சத்தானதுதான், ஆனால் முளைவிடத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடித்தவை. 2011இல் ஜெர்மனியில் பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஈ.கோலை என்ற பாக்டீரியாத் தொற்றுக்கு முளைகட்டிய வெந்தயமே காரணம் என்று கண்டறிந்தார்கள். கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் முளைப்பயறை வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். கீரையையே விட வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட வேண்டும், மாற்றுவதாக இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு இருந்து பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் தக்காளி, கீரை, அவகாடோ போன்றவற்றில் அளவு பார்க்க வேண்டும். காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். உங்களுக்கு எந்தக் காய், எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால் உணவியல் நிபுணரிடம் போகும்போது கடைசியாக எடுத்த அறிக்கையையும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.