அகாப்பே என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

ரோமின் பழைய லாபிகானா சாலையோரம் ஒரு சுரங்கக் கல்லறை இருக்கிறது. மார்செல்லினுஸ், பேதுரு என்ற இரண்டு மறைசாட்சிகளின் (விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களின்) பெயர் அதற்கு (இந்தப் பேதுரு அப்போஸ்தலர் அல்ல). 3ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தீட்டிய விருந்து ஓவியங்கள் அதன் சுவர்களில் உள்ளன. அரைவட்டத் திண்டில் சாய்ந்தபடி சிலர் சாப்பிடுகிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் லத்தீனில் எழுதியிருக்கிறது: “அகாப்பே, எங்களுக்குக் கலந்து கொடு”, “ஐரீனே, வெந்நீர் தா”. திராட்சரசத்தில் வெந்நீர் கலந்து குடிப்பது ரோமர் வழக்கம். அகாப்பே என்றால் அன்பு, ஐரீனே என்றால் சமாதானம். இவர்கள் பரிமாறும் பெண்களா, அன்பும் சமாதானமுமே பெண்ணுருவில் வந்து பரிமாறுகின்றனவா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

அகாப்பே கிரேக்கச் சொல். ‘அகாபே’ என்றும் எழுதுகிறார்கள்; மூலத்தில் வல்லோசை என்பதால் ‘ப்பே’ என்பதே பொருத்தம். முதற்பொருள் அன்பு. புதிய ஏற்பாட்டில் யூதா எழுதிய நிருபத்தின் 12ஆம் வசனத்தில் இதே சொல் பன்மையில், விருந்துகள் என்ற பொருளில் வருகிறது. ஆக, ஆதிக் கிறிஸ்தவர்கள் தாங்கள் சேர்ந்து சாப்பிட்ட சாப்பாட்டுக்கே அன்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தச் சாப்பாடு எப்படி நடந்தது? ஏறத்தாழ 197இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அதை விவரிக்கிறார். முதலில் ஜெபம். பிறகு பசிக்கு வேண்டிய அளவு சாப்பாடு, அடக்கமுள்ளவர்களுக்கு ஏற்ற அளவு பானம். அப்புறம் கை கழுவி, விளக்கேற்றி, ஒவ்வொருவராக முன்னே வந்து கடவுளைப் பாட வேண்டும். முடிவிலும் ஜெபம். ஏழைகளுக்கு உதவுவதும் இந்தப் பந்தியின் நோக்கம் என்கிறார்.

இதற்கு முன்பே கிரேக்க நகரமான கொரிந்துவின் சபையில் இது கெட்டுப்போயிருந்தது. “அவனவன் தன்தன் சொந்த சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்” என்று பவுல் கடிந்துகொள்கிறார். அங்கே அப்பம் பிட்கும் சடங்கும் வயிறார உண்பதும் ஒன்றாகவே நடந்தன. பிற்பாடு இரண்டும் பிரிந்தன. 4ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம் ஆலயத்துக்குள் அகாப்பே நடத்தக் கூடாது என்று தடை போட்டது.

பிரிந்த சடங்குக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. கத்தோலிக்கர் நற்கருணை என்கிறார்கள். கிரேக்கத்தில் ‘எவ்’ என்றால் நல்ல, ‘காரிஸ்’ என்றால் அருள். சடங்கின் கிரேக்கப் பெயரான ‘எவ்காரிஸ்தியா’வின் உறுப்புகளுக்கு இது அப்படியே பொருந்துகிறது, வழக்கிலுள்ள பொருள் ‘நன்றி கூறல்’ என்றாலும். சீர்திருத்தச் சபைகளில் திருவிருந்து, இராப்போஜனம். கல்லறையில் இறந்தோர் நினைவாக உண்டதற்கு லத்தீனில் ‘ரெஃப்ரிகேரியும்’ என்று பெயர். குளிர்வித்தல் என்பது அதன் பொருள். வயிறு குளிர்ந்தது என்று சொல்லும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். இறந்தோருக்கான ஜெபத்தில் வரும் ‘இளைப்பாற்றி’ என்ற அழகான சொல்லும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சரி, அகாப்பேவுக்கு? ‘அன்பின் விருந்து’ என்பது பரவலான வழக்கு. தவறில்லை. ஆனால் விருந்து என்ற சொல்லின் அடிப்பொருள் புதுமை. அதனால்தான் புதிதாய் வந்தவரையே விருந்து என்றார்கள். அதில் அழைப்பவர் ஒருவர், வருபவர் இன்னொருவர். அகாப்பேவிலோ எல்லாரும் வீட்டுக்காரர்கள். சமபந்தி இன்னும் நெருங்கி வருகிறது, ஆனால் அது உட்காரும் வரிசையைத்தான் சொல்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் ‘அசனம்’ என்பார்கள். பண்டிகைக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, கறிக்குழம்பு கொதித்து, ஊரே பந்தியில் உட்காரும். நடக்கும் காரியத்தைப் பார்த்தால் அகாப்பேவுக்கு மிக அருகில் இருப்பது இதுதான். சொல் மட்டும் வடமொழி. பொருளும் வெறுமே ‘உண்ணல்’ என்பதுதான்.

நான் எடுத்துக்கொள்வது குறளில் உள்ள ஒரு சொல்: பாத்தூண். பாத்து என்றால் பகுத்து. ஊண் என்றால் உணவு. “பாத்தூண் மரீஇ யவனை” என்று தொடங்கும் 227ஆம் குறள், பகிர்ந்து உண்டு பழகியவனைப் பசி என்னும் தீய நோய் தீண்டாது என்கிறது. கொரிந்துவில் காணாமல் போனதும் இந்தப் பகிர்வுதானே! சடங்கின் பெயராகச் சொல்லும்போது ‘அன்புப் பாத்தூண்’ என்று முன்னொட்டுச் சேர்த்தால் அகாப்பேவின் இரண்டு பொருளும் வந்துவிடும். பேச்சில் அசனம் அசனமாகவே இருக்கட்டும். அந்தக் கல்லறைச் சுவரில் உள்ளதை மொழிபெயர்க்கும்போது மட்டும் அகாப்பேயை மாற்றாமல் விட்டுவிட வேண்டும். அங்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.