இலை ஏன் நிறம் மாறுகிறது? காஷ்மீர் சினார் முதல் டெல்டா சம்பா வரை

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் அக்டோபர் கடைசியில் பகல் குறுகி, இரவுக் குளிர் ஏற ஏற, சினார் மரங்கள் செம்பழுப்பாகின்றன. அதே மாதம் காவிரி டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். அந்தக் குளிர் இங்கே கிடையாது. ஆனாலும் இலைக்குள் நடக்கும் வேலை ஒன்றுதான். தஞ்சாவூர்த் தெருவோர வாதாமரத்திலும் சம்பா வயலிலும் அதைப் பார்க்கலாம்.

முதிர்ந்த இலையைச் செடி சும்மா விட்டுவிடாது. இலையின் நைட்ரஜனில் பெரும்பங்கு, பச்சையம் இருக்கும் நுண்ணுறுப்பான பசுங்கணிகத்தின் புரதங்களில் இருக்கிறது. அவற்றை உடைத்து, காம்பு வழியே திரும்ப எடுத்துக்கொள்ளும். புரதத்தின் பிடி விட்ட பச்சையம் வெயில் பட்டால் செல்லைச் சேதப்படுத்தும். அதனால் அதையும் சிதைத்து நிறமில்லாத பொருளாக்கிவிடுகிறது. பச்சை விலகியதும், முன்பே இருந்த கரோட்டினாய்டு மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு வேறு கதை. அது ஆந்தோசயனின் என்ற நிறமி, பெரும்பாலும் கடைசி நாட்களில் புதிதாக உண்டாவது. பளிச்சென்ற வெயிலும், உறையாத அளவு இரவுக் குளிரும் சேர்ந்தால் கூடும். நாள்கணக்கில் மேகமூட்டம் என்றால் மங்கும்.

நன்றாகச் சிவந்த வாதா இலையை லேசாக இழுத்துப் பாருங்கள், கையோடு வந்துவிடும். கிளையில் வழவழப்பான தழும்பு மட்டும் நிற்கும். பச்சை இலையை இழுத்தால் நார் கிழியும். காம்படியில் உதிர்வு அடுக்கு உருவாகி, செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் கரைந்திருப்பதே காரணம்.

நெல் இலை உதிராது, தாளிலேயே காயும். ஆனால் மஞ்சளை இடம் பார்த்துப் படிக்க வேண்டும். கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் வேருக்கு ஆக்சிஜன் போதாது, சத்து ஏறாது. பயிர் அடி இலையின் நைட்ரஜனைக் குருத்துக்கு அனுப்பும். எனவே அடி இலை முதலில் மஞ்சளாகும். குருத்தே முதலில் வெளிறினால் கந்தகக் குறையைச் சந்தேகிக்கலாம், கந்தகம் பழைய இலையிலிருந்து எளிதில் இடம் மாறாது. எதுவானாலும் முதல் வேலை தண்ணீரை வடிப்பது. தேங்கிய நீரில் யூரியா வீசினால் பெரும்பகுதி வீண். வடித்தபின் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மழையில்லாத வேளையில் இலையில் தெளிக்கலாம்.

தை மாத மஞ்சள் முதிர்வின் மஞ்சள். அப்போதும் கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலை பச்சையாக இருப்பது நல்லது, மணிக்கு மாவு ஏற்றுவதில் பெரும்பங்கு அதனுடையது. வயலின் நிறத்தை நம்பி அறுக்கக் கூடாது. கதிர் நுனியிலிருந்து கீழ்நோக்கி முற்றுவதால் அடி மணியை நசுக்கிப் பாருங்கள். பால் வந்தால் காத்திருக்க வேண்டும்.