மிஞ்சிய கரு ஆராய்ச்சிக்குப் போகுமா? கையெழுத்துக்கு முன் கொஞ்சம் படியுங்கள்

செயற்கைக் கருத்தரிப்பு மையத்தில் சிகிச்சை தொடங்கும் முன் ஒரு கட்டுத் தாள் கையெழுத்துக்கு வரும். "எங்கே போடணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போட்டுக் கொடுப்பவர்கள்தான் அதிகம். அந்தக் கட்டில் மிஞ்சும் கருவை என்ன செய்யலாம் என்று கேட்கும் பக்கத்தையாவது நிதானமாகப் படியுங்கள். அது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு இல்லை, உங்கள் முடிவு.

மிச்சம் எப்படி வருகிறது? ஊசி போட்டு ஒரே சமயத்தில் பல கருமுட்டைகளை எடுக்கிறார்கள். அவற்றில் உருவாகும் கருக்களில் ஒன்றிரண்டைத்தான் கருப்பையில் வைப்பார்கள். மற்றவை மெல்லிய ஸ்ட்ராக்களில் ஏறி, அடையாளச் சீட்டோடு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள் போய்விடும். நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும், யாராவது பார்த்துப் பார்த்து நிரப்ப வேண்டும். சேமிப்புக் கட்டணம் கேட்பதில் இந்தச் செலவும் உண்டு.

இதற்கான இந்தியச் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கருவை அதிகபட்சம் 10 ஆண்டுகள் வைத்திருக்கலாம். அதன் பிறகு இரண்டே வழிதான். அழியவிட வேண்டும், அல்லது உங்கள் சம்மதத்தோடு, இந்தச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். சம்மதம் இல்லையா, ஆராய்ச்சியும் இல்லை.

ஆராய்ச்சிக்கென்று கருவையோ கருமுட்டையையோ விற்பது குற்றம். முதல் முறை 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம். மறுபடி செய்தால் 3 முதல் 8 ஆண்டு சிறை, 10 முதல் 20 லட்சம் அபராதம். ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்ப முழுத் தடை. இவ்வளவு கெடுபிடி தேவையா என்று கேட்பவர்கள், போலி ஆதாரைக் காட்டி 16 வயதுச் சிறுமியிடம் கருமுட்டை எடுத்ததாக 2022-இல் ஈரோட்டில் வெடித்த வழக்கை நினைத்துப் பார்க்கலாம்.

"கொடுத்துவிட்டால் நம்ம பிள்ளை வேறு எங்கோ பிறந்துவிடுமோ?" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி நடக்க விதிகளில் இடமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஸ்டெம் செல் (குருத்தணு) ஆராய்ச்சி வழிகாட்டுதல்படி, ஆய்வகத்தில் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது. அதைக் கருப்பையில் வைக்கவும் கூடாது.

உறைய வைக்கும் முன்பே இன்னொரு விஷயத்தையும் எழுத்தில் சொல்ல வேண்டும்: எத்தனை காலம் வைப்பது, தம்பதியில் ஒருவர் இறந்துபோனாலோ சுயநினைவு இழந்தாலோ என்ன செய்வது? அந்த நேரத்தில் யாருக்கும் பேசப் பிடிக்காத விஷயம்தான். ஆனால் அந்த இடத்தை வெறுமனே விடாதீர்கள்.

சரி, கருப்பைக் கட்டி, கருப்பை உட்சுவர், பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடி, இவை ஆராய்ச்சிக்குப் போனால்? இவற்றுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது; ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளைப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சையில் எடுத்த திசு ஃபார்மலின் பாட்டிலில் ஆய்வகத்துக்குப் போகும். பரிசோதனைக்காக மெழுகுக் கட்டியில் பதிப்பார்கள். முடிவு வந்த பிறகும் அந்த மெழுகுக் கட்டி அங்கேயே இருக்கும். ஆராய்ச்சிக்கென நீங்கள் கொடுத்த திசு மாதிரிக்கு உரிமையாளர் நீங்கள்தான், மாதிரிகளைச் சேமிக்கும் வங்கி வெறும் காப்பாளர் என்கின்றன நெறிமுறைகள். பின்னால் மனம் மாறினால் திரும்பப் பெறலாம். ஒரு விலக்கு உண்டு: பெயர், அடையாளம் எல்லாம் அடியோடு நீக்கிய மாதிரி என்றால், சம்மதம் கேட்காமலே ஆய்வு செய்ய, ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு அனுமதி தரலாம். எது யாருடையது என்றே தெரியாததால் அதைத் திரும்பவும் கேட்க முடியாது. "என் அடையாளத்தை எடுத்துவிடுவீர்களா, குறியீட்டு எண்ணோடு வைப்பீர்களா?" என்று முதலிலேயே கேட்பது இதனால்தான் முக்கியம்.

படிவத்தில் "இந்த ஆய்வுக்கு மட்டும்", "இனி வரும் எந்த ஆய்வுக்கும்" என்று தனித்தனியாக டிக் செய்யும் வசதி இருக்கலாம். ஒன்றுக்குச் சரி சொல்லி மற்றதை மறுக்கலாம். மறுத்ததற்காகச் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது.

கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். பிரச்சினை வந்தால் முதலில் மையத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.