அங்கே இருந்த சுவர் எங்கே என்று கேளுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் பழைய தனி வீட்டை வாங்கி, புதுப்பித்து, 'சொகுசு வில்லா' என்று விற்பது இப்போது நல்ல வியாபாரம். விளம்பரப் படங்கள் எல்லாம் ஒரே அச்சு. ஹாலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே சுவரே இருக்காது. பதினாறு அடிக்கு மடக்குக் கண்ணாடிக் கதவு, அதே டைல்ஸ் வெளியே டெக் வரைக்கும் ஓடும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, "சும்மா ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க சார்" என்று கூப்பிடுகிறவர்களிடம் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. சமீபத்தில் நீலாங்கரையில் இன்னொன்று. பணம் கைமாறிய பிறகு என் போன்ற கட்டுமானப் பொறியாளர் வந்து கெட்ட செய்தி சொல்லலாம், அவ்வளவுதான்.

1980களில் கட்டிய வீடு அது. இங்கே இருந்த சுவர் எங்கே என்று கேட்டேன். "அது வெறும் செங்கல் சுவர் சார், மேலேதான் கான்கிரீட் தளம் இருக்கே" என்றார் தரகர். வாங்குகிறவரும் தலையாட்டினார்.

இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. தளம் கான்கிரீட் என்பதால் வீடு ஃபிரேம் கட்டடம் ஆகிவிடாது. பில்லரும் பீமும் கூண்டு மாதிரி சேர்ந்து எடையை அஸ்திவாரத்துக்கு இறக்கினால்தான் அது ஃபிரேம். அங்கே செங்கல் சுவர் வெறும் தடுப்பு. அந்தக் காலத்துத் தனி வீடுகளில் பலவற்றில் பில்லரே கிடையாது. ஒன்பது இஞ்ச் சுவர்தான் தளத்தையும், மாடிச் சுவரையும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்துத் தாங்குகிறது. லிண்டல் ஓடுகிறதே என்பார்கள். லிண்டல் ஜன்னலுக்கு மேலே இருக்கும் செங்கலைத் தாங்கப் போட்டது, மாடியைத் தாங்க அல்ல.

சுவரை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கணக்குப் போட்டு, மேலே உள்ள எடையைத் தாங்க இரும்பு கர்டர் (உத்தரம்) கொடுத்து எடுக்கலாம். நீலாங்கரை வீட்டிலும் கர்டர் இருந்தது. ஒரு முனை உட்கார்ந்திருந்தது பழைய செங்கல் சுவரின் வெட்டுப்பட்ட ஓரத்தில். எடையைப் பரப்பிவிடக் கீழே கான்கிரீட் மெத்தை இல்லை, இரும்புத் தகடுகூட இல்லை. கதவை மூடிப் பார்த்தேன். கடைசி மடிப்பு மேல் தண்டவாளத்தில் உரசி நின்றது. "ரோலர் பிரச்சினை, மாத்திடலாம்" என்றார் தரகர். ரோலர் புதுசு. தொய்ந்திருந்தது கர்டர்.

அடுத்து ஃபால்ஸ் சீலிங். உப்புக் காற்று கம்பியை என்ன செய்யும் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலோரக் காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடல் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பு. பழைய தளங்களில் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. காரை பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, கீழே ஜிப்சம் பலகை அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

உள்ளும் வெளியும் ஒரே மட்டம் என்பதில்தான் எல்லாருக்கும் மயக்கம். நம் பழைய வீடுகளிலும் முற்றமும் தாழ்வாரமும் சேர்ந்துதான் இருந்தன. ஆனால் முற்றம் பள்ளத்தில் இருக்கும், தண்ணீர் வெளியேற வழி இருக்கும். இங்கே படியும் இல்லை, டெக்குக்கு வாட்டமும் இல்லை. கதவின் கீழ்த் தண்டவாளத்துக்குத் தண்ணீர் போகும் துளைகூட இல்லாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சமயத்தில் சென்னையில் பெய்த மழையை அதற்குள் மறந்துவிட்டோமா? ஏப்ரலில் வீடு பார்க்கிறவர்கள் இரண்டு வாளித் தண்ணீரை டெக்கில் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்றாவது பாருங்கள்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பார்கள். வில்லங்கத்தில் சுவர் இடித்தது வராது, வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடமான செட்பேக்கில் கண்ணாடிக் கூரை போட்டதும் வராது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். 'அவுட்டோர் லிவிங்' என்று விலை சேர்த்திருக்கும் இடம் வரைபடத்தில் காலி இடமாக இருந்தால், காலி இடத்துக்கான விலையைப் பேசுங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியையும் கேளுங்கள். வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், இது என் வேண்டுகோள். புதுப்பிக்கும் முன்பும் பின்பும் எடுத்த படங்களை எல்லாரும் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது நடுவில் எடுத்தவை: சுவரை இடித்த பிறகு, பூசி மூடுவதற்கு முன். கூடவே கர்டருக்குக் கணக்குப் போட்ட பொறியாளரின் கையெழுத்திட்ட வரைபடம். இரண்டும் இல்லையென்றால் கர்டரின் இரண்டு முனையிலும் பூச்சைக் கொஞ்சம் உடைத்து, ஃபால்ஸ் சீலிங்கில் இரண்டடிக்கு இரண்டடி திறந்து காட்டச் சொல்லுங்கள். சரிசெய்யும் செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள், பெரிய தொகை ஆகாது. அதற்கும் விற்பவர் மறுத்தால், தயவுசெய்து வேறு வீடு பாருங்கள்.