நிலைச் செயப்பாட்டு: ‘வாஸ் க்ளோஸ்டு’ என்றால் மூடினார்களா, மூடிக் கிடந்ததா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணத்தில் ‘பாசிவ் வாய்ஸ்’, அதாவது செயப்பாட்டு வினை வந்தால் கை தானாக ‘-ப்பட்டது’ என்று எழுதிவிடும். ‘தி கேட் வாஸ் க்ளோஸ்டு’ என்றால் ‘கேட் மூடப்பட்டது’. மதிப்பெண் கிடைக்கும், ஆனால் பொருளில் பாதிதான் வந்திருக்கும். அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. யாரோ கேட்டை மூடினார்கள் என்பது ஒன்று. நாம் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடிக் கிடந்தது என்பது மற்றொன்று. முதலாவதில் ஒரு செயல் நடக்கிறது. இலக்கணக்காரர்கள் அதை உண்மைப் பாசிவ் என்பார்கள். இரண்டாவதில் எதுவும் நடக்கவில்லை, நடந்து முடிந்ததன் நிலை மட்டும் இருக்கிறது. அதன் பெயர் ‘ஸ்டேட்டிவ் பாசிவ்’.

சொல்லின் வேரைப் பார்ப்போம். ‘பாசிவ்’ என்பது ‘பதீ’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. படுதல், தாங்குதல், துன்புறுதல் என்று பொருள். நோயாளியைச் சொல்லும் ‘பேஷண்ட்’டும் இதே வேர்தான். நம்முடைய ‘படு’வை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அடிபடு, துன்பப்படு, கஷ்டப்படு. செயப்படு என்றால் ஒரு செயலுக்கு ஆட்படு. ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே கருத்தைப் பிடித்திருக்கின்றன. அதனால் ‘செயப்பாட்டு வினை’ என்ற பெயரில் கைவைக்கவே வேண்டாம். ‘ஸ்டேட்டிவ்’ என்பதன் வேர் ‘ஸ்தாரே’, அதாவது நிற்றல். நமக்கும் ‘நில்’லிலிருந்துதான் ‘நிலை’ வந்தது. ஆகவே ஸ்டேட்டிவ் பாசிவை ‘நிலைச் செயப்பாட்டு’ என்றும், செயலைச் சொல்வதை ‘நிகழ்வுச் செயப்பாட்டு’ என்றும் சொல்லலாம். சுருக்கமாக ‘நிலைப்பாட்டு வினை’ என்று சொல்லத் தோன்றும், வேண்டாம். நிலைப்பாடு என்றதும் ஏதோ கட்சியின் நிலைப்பாடுதான் இன்று நினைவுக்கு வருகிறது.

ஜெர்மன் மொழியில் இந்தக் குழப்பம் குறைவு. இரண்டுக்கும் வேறு வேறு துணைவினை: நிகழ்வுக்கு ‘வெர்டன்’, நிலைக்கு ‘ஸைன்’. ‘வெர்டன்’னுக்கு உறவான ‘வெயோர்தன்’ பழைய ஆங்கிலத்திலும் இருந்தது, பிறகு வழக்கொழிந்தது. இப்போது இரண்டு வேலையையும் ‘இஸ்’, ‘வாஸ்’ என்றெல்லாம் வரும் ‘பி’ ஒன்றே பார்க்கிறது. ‘ஓப்பன்’ என்ற சொல்லில் மட்டும் தப்பித்துக்கொள்ளலாம். அது தனியாகவே பெயரடை என்பதால் ‘வாஸ் ஓப்பன்’ என்றால் திறந்திருந்தது, ‘வாஸ் ஓப்பன்ட்’ என்றால் திறந்தார்கள். ‘க்ளோஸ்டு’க்கு அப்படி ஒரு தனிப் பெயரடை இல்லை. அதனால்தான் ‘தி கேட் வாஸ் க்ளோஸ்டு அட் சிக்ஸ்’ என்றால் ஆறு மணிக்கு மூடினார்களா, ஆறு மணிக்குப் பார்த்தபோது மூடியிருந்ததா என்று அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

நம் பேச்சுத் தமிழில் இந்தத் திண்டாட்டமே இல்லை. பாலக்காடு–பொள்ளாச்சி பாதையில் ரயில் கேட் இருக்கும் ஊர்களில் நின்று கேளுங்கள். வண்டி வரப்போகிறது, கேட் இறங்குகிறது: ‘கேட் போட்டுட்டாங்க’ என்பார்கள். அப்புறம் வந்து சேர்ந்தவர் வீட்டுக்குப் போன் செய்து, ‘கேட் போட்டிருக்கு, வர நேரமாகும்’ என்பார். முதலாவது நிகழ்வு, இரண்டாவது நிலை. இரண்டிலும் ‘படு’ இல்லை. செய்தவர் யாரென்று சொல்ல வேண்டாத இடத்தில் ‘-ஆங்க’ போதும். நிலையைச் சொல்ல ‘இருக்கு’ போதும். பக்கத்தில் நிற்கும் மலையாளியும் ‘அடச்சு’ என்றும் ‘அடச்சிட்டிரிக்குன்னு’ என்றும் இதே மாதிரிதான் பிரிக்கிறார். ‘அடய்க்கப்பெட்டு’ என்பது எழுத்தில் உண்டு, பேச்சில் அபூர்வம்.

ஆங்கிலத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? ‘பீயிங்’ சேர்த்துப் பாருங்கள். ‘தி கேட் இஸ் பீயிங் க்ளோஸ்டு’ என்றால் மூடிக்கொண்டிருக்கிறார்கள். அது நிகழ்வு மட்டும்தான். ‘காட் க்ளோஸ்டு’ம் அப்படியே. ‘ஸ்டில்’ சேர்த்து ‘இஸ் ஸ்டில் க்ளோஸ்டு’ என்று சொல்ல முடிந்தால் அது நிலை. ‘தி பில் வாஸ் அன்பெய்ட்’ என்பதில் யோசிக்கவே வேண்டாம், ‘அன்பே’ என்று ஒரு வினை கிடையாது, அது நிலைதான்.

‘பை’ வந்தால் உண்மைப் பாசிவ் என்று சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. ‘தி வில்லேஜ் இஸ் சரவுண்டட் பை ஹில்ஸ்’ என்ற வாக்கியத்தில் ‘பை’ இருக்கிறது. ஆனால் மலைகள் வந்து ஊரை வளைக்கவில்லை. ‘இஸ் பீயிங் சரவுண்டட் பை ஹில்ஸ்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே சொல்லில் போலீஸ் வந்தால் கதை வேறு: ‘தி ஹவுஸ் வாஸ் சரவுண்டட் பை போலீஸ்’ என்றால் வந்து சூழ்ந்தார்கள் என்றும் கொள்ளலாம், சூழ்ந்து நின்றார்கள் என்றும் கொள்ளலாம். ‘தே வேர் மேரிட்’ என்பதும் இப்படித்தான். ‘இன் 1990’ சேர்ந்தால் கல்யாணம் நடந்தது. ‘ஃபார் தர்ட்டி இயர்ஸ்’ சேர்ந்தால் முப்பது வருடம் கணவன் மனைவியாக இருந்தார்கள்.

நம் இலக்கணத்துக்கும் இது புதிதல்ல. தொல்காப்பியம் வினையியலில் ‘செயப்படுபொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே’ என்கிறது. உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது, யாரோ மெழுகினார்கள். ஆனாலும் திண்ணையையே எழுவாயாக்கிச் சொல்வது வழக்கு, தவறில்லை என்று இலக்கணமே ஒப்புக்கொண்டது. மெழுகிற்று என்பது நிகழ்வு. ‘திண்ணை மெழுகியிருக்கு’ என்று இன்று நாம் சொல்வது அதன் நிலை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நம் ‘இருக்கிறது’ ஆங்கிலத்தின் ‘ஹேஸ் பீன்’ வேலையையும் செய்யும். ‘மூடப்பட்டிருக்கிறது’ என்பது இப்போது மூடிக் கிடக்கிறது என்றும் ஆகும், மூடும் செயல் நடந்திருக்கிறது என்றும் ஆகும். ‘இன்னும்’ சேர்த்தால் நிலை. ‘இரண்டு முறை’ சேர்த்தால் நிகழ்வு.

‘-ப்பட்டது’ எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘மலபார் 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தோடு சேர்க்கப்பட்டது’ என்பது நாளும் தேதியும் உள்ள நிகழ்வு. அங்கே அது பொருத்தமாக உட்காருகிறது. நிலையைச் சொல்லும் இடத்தில் அது வேண்டாம். ‘வீடு பூட்டப்பட்டு இருந்தது’ என்பதைவிட ‘வீடு பூட்டியிருந்தது’ நல்ல தமிழ். பெயருக்கு முன்னால் வரும்போது இன்னும் தெளிவாகத் தெரியும்: பூட்டிய வீடு, கிழிந்த சட்டை, வறுத்த கடலை. ‘வறுக்கப்பட்ட கடலை’ என்று பொட்டலத்தில் அச்சடிக்கிறார்கள். கடைக்குப் போய் அப்படிக் கேட்டு வாங்கியவர் யாருமில்லை.