பனங்கட்டிச் சட்டிக்கு அடியில் வெயில்: கதிர்த்தடம் பிடிக்கும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது?

எங்கள் ஒழுங்கையில் பனங்கட்டி காய்ச்சுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். கருப்பநீரில் (பனையிலிருந்து இறக்கும் பதநீரில்) பெரும்பகுதி வெறும் தண்ணீர்தான், அது வற்றினால்தான் பாகு வரும், அதனால் அவருக்கு விறகுதான் பெரிய செலவு. நான் வளவுக்குள் ஒரு பழைய டிஷ் அன்ரனாவுக்குக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில என்ர சட்டியை வைச்சா எவ்வளவு நேரத்தில வத்தும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல, வெயில் அந்த டிஷ்ஷில் பட்டு எங்கே போய் விழுகிறது, எவ்வளவு விழுகிறது என்று தெரியவேண்டும். அதைக் கணக்கிடத்தான் ரே ட்ரேசிங் மென்பொருள்கள் இருக்கின்றன. நான் பாவிப்பது சோல்ட்ரேஸ், அமெரிக்காவின் கொலராடோவில், அப்போது என்ஆர்இஎல் என்ற பெயரில் இருந்த மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வகத்தில் உருவானது, இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. டோனாட்டியூ என்றும் ஒன்று உண்டு, அஸ்டெக் மக்களின் சூரியக் கடவுளின் பெயர் அது. பழைய லப்டொப்பே போதும். நிறுவுவதில் சொல்ல ஒன்றுமில்லை, உள்ளே எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாடப்புத்தகப் படத்தில் சமாந்தரக் கதிர்கள் வந்து பரவளைவில் பட்டு ஒரே குவியத்தில் சந்திக்கும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. சூரியன் ஒரு புள்ளி அல்ல, நம் கண்ணுக்கு அது கிட்டத்தட்ட அரைப் பாகை அகலமான வட்டம், கணக்கில் சொன்னால் நடுவிலிருந்து விளிம்புவரை 4.65 மில்லிஆரையன் (ஒரு மீற்றர் தூரத்தில் ஒரு மில்லிமீற்றர் விலகினால் அந்தக் கோணம் ஒரு மில்லிஆரையன்). அதனால் எந்தக் கண்ணாடியின் எந்தப் புள்ளியிலும் வந்து விழுவது ஒரு கதிர் அல்ல, ஒரு சின்னக் கூம்பு. தெறித்துப் போவதும் கூம்பாகத்தான் போகும். என் டிஷ் குறுக்கே 1.2 மீற்றர், குவியத்தூரம் 0.6 மீற்றர். நடுப்பகுதியில் பட்ட ஒளி குவியத்தில் 5.6 மில்லிமீற்றர் அகலத்துக்கு விழும், விளிம்பில் பட்டது கூடத் தூரம் வந்து சரிவாக விழுவதால் 11.6 மில்லிமீற்றர் வரை பரவும். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் இதைவிடச் சின்னதாக்க முடியாது.

மென்பொருள் செய்வது இதுதான். டிஷ்ஷுக்கு மேலே ஓரிடத்தைக் குருட்டாம்போக்கில் தெரிவு செய்கிறது, சூரிய வட்டத்துக்குள் ஒரு திசையையும் அப்படியே தெரிந்து அங்கிருந்து ஒரு கதிரை விடுகிறது. அது கண்ணாடியை எங்கே வெட்டுகிறது என்று பார்க்கிறது, அந்த இடத்தில் செவ்வன், அதாவது கண்ணாடிக்குச் செங்குத்தான கோடு, எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து, படுகோணம் தெறிகோணத்துக்குச் சமன் என்ற, ஓ.எல். வகுப்பில் படித்த அதே விதியால் கதிரைத் திருப்பிவிடுகிறது. கண்ணாடி 85 வீதம் தெறிக்கும் என்று கொடுத்திருந்தால், ஒவ்வொரு கதிருக்கும் சீட்டுப் போட்டுப் பார்த்து நூற்றில் 15 பேரை அங்கேயே நிறுத்திவிடும். இதை இலட்சக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தால் சட்டிக்கு அடியில் எங்கே எவ்வளவு வெயில் என்ற படம் தானாக எழும்பும். மொன்ரே கார்லோ முறை என்று இதற்குப் பெயர்.

எத்தனை கதிர் விடுவது? மொத்த வலுவை அறிய 10,000 போதும். ஆனால் சட்டியின் அடியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும்போது ஒரு கட்டத்தில் 100 கதிர் மட்டும் விழுந்திருந்தால் அந்தக் கட்டத்தின் கணக்கில் 10 வீதம் அளவு தளம்பல் இருக்கும், அதை 1 வீதமாக்க அங்கே 10,000 கதிர் விழவேண்டும். படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கண்ணாடியில் பிழை என்று நினைக்கவேண்டாம், கதிர் காணாது, அவ்வளவுதான்.

சோல்ட்ரேஸில் பரவளைவைக் கொடுக்கும்போது ஒரு விஷயம் கவனம். அது குவியத்தூரத்தைக் கேட்பதில்லை, உச்சியில் உள்ள வளைவைக் கேட்கிறது, அதாவது குவியத்தூரத்தை இரட்டித்து அதால் 1ஐப் பிரித்த எண். எனக்கு அது 0.833. முதல் தடவை நான் 0.6 என்றே அடித்துவிட்டேன், குவியம் 83 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போய்விட்டது, சட்டியின் அடி முழுக்க மங்கலாகத் தெரிய ஒரு பின்னேரம் முழுவதும் வேறு எங்கெல்லாமோ பிழை தேடினேன். சட்டியை ஒரு தட்டையான வட்டமாக வைத்து, அதன் முகம் கீழே டிஷ்ஷைப் பார்க்கிறதா, தெறிப்பு பூச்சியமா என்று பார்த்துக்கொண்டால் சரி.

நேரமும் அப்படித்தான். சூரியன் நிற்கும் இடத்தைக் கணக்கிடச் சூரிய நேரம் வேண்டும், கைக்கடிகார நேரம் அல்ல. இலங்கையில் நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு வைத்தது, யாழ்ப்பாணம் இருப்பது கிட்டத்தட்ட 80 பாகையில், ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 10 நிமிடப் பிந்தல். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 15 அளவில், சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வரும். அன்று 12.10 மணிக்கு முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டுப் பாருங்கள், நிழல் தடிக்குள்ளேயே ஒளித்துவிடும். அதற்குப் பிறகு ஓகஸ்ட் கடைசிவரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், டிஷ்ஷைத் தெற்கே சாய்த்தே பழகியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கவேண்டும்.

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. கண்ணாடியின் குறையைக் கொடுக்காமல் ஒரு கதிரையும் விடாதீர்கள். இணையத்தில் காணும் அழகான படங்களில் பல, குறையே இல்லாத கண்ணாடியில் செய்தவை. கையால் ஒட்டிய தாளில் சுருக்கம் இருக்கும், டிஷ்ஷே எங்காவது நெளிந்திருக்கும். கண்ணாடி ஓரிடத்தில் 5 மில்லிஆரையன் சரிந்திருந்தால் கதிர் 10 மில்லிஆரையன் விலகும், தெறிப்பில் சரிவு இரட்டிக்கும், அதனால்தான் மென்பொருளும் சரிவுப் பிழையை இரண்டால் பெருக்கியே சேர்க்கிறது.

இதை வீட்டிலேயே அளக்கலாம். பிள்ளைகள் விளையாடுகிற லேசர் பேனை ஒன்று, அதை டிஷ்ஷின் அச்சுக்குச் சமாந்தரமாகப் பிடிக்க ஒரு சட்டம், குவியத்தில் ஒரு கடதாசி. நான் இரவில், விளக்கை நிப்பாட்டிவிட்டுச் செய்தேன். நடுவிலிருந்து 49 சென்ரிமீற்றர் தள்ளி ஓரிடத்தில் பேனையைப் பிடித்தபோது, கதிருக்குச் செங்குத்தாகப் பிடித்த கடதாசியில் சிவப்புப் புள்ளி விழவேண்டிய இடத்திலிருந்து 14 மில்லிமீற்றர் தள்ளி விழுந்தது. அங்கிருந்து குவியத்துக்கு 700 மில்லிமீற்றர். 14ஐ 700ஆல் பிரித்தால் 20 மில்லிஆரையன், அதில் பாதி, 10, அந்த இடத்துக் கண்ணாடியின் சரிவுப் பிழை. இப்படி நாற்பது இடங்களில் அளந்து, எல்லாவற்றையும் வர்க்கித்துச் சராசரி எடுத்து மூலம் கண்டு அந்த எண்ணைக் கொடுத்தேன். (லேசரும் குவிந்த வெயிலும் கண்ணைக் கெடுக்கும். பகலில் வேலை முடிந்ததும் டிஷ்ஷை ஒரு சாக்கால் மூடிவிடுங்கள்.)

சரி, அக்காவின் சட்டி. முகில் இல்லாமல், நேர் வெயில் சதுர மீற்றருக்கு 800 வோற் என்று வைத்தால், 20 சென்ரிமீற்றர் சட்டியின் நிழல் போக, 85 வீதத் தெறிப்பில் 750 வோற் அளவு அடியில் சேர்கிறது. ஒரு லீற்றர் கொதிநீர் ஆவியாக 2.26 மெகாயூல் வேண்டும், அதாவது வெப்பம் ஒன்றும் வீணாகாவிட்டாலும் லீற்றருக்கு 50 நிமிடம். அவர் ஒரு நாளில் காய்ச்சும் அளவுக்கு இந்த ஒரு டிஷ் காணாது என்று அவரிடமே சொன்னேன். விறகைக் குறைக்கலாம், முழுக்க நிறுத்த முடியாது.

அவர் அடுத்து கேட்டது நான் யோசிக்காத ஒன்று. "அடிப்பிடிக்காதோ?"

திரும்பப் போய் ஓட்டிப் பார்த்தேன். குறையில்லாத கண்ணாடி என்றால் அந்த 750 வோற்றும் ஒரு சதுர சென்ரிமீற்றர் அளவில் குவியும், பாகு அந்த இடத்தில் கருகாமல் என்ன செய்யும். சட்டியைக் குவியத்துக்கு 5 சென்ரிமீற்றர் மேலே உயர்த்திக் கொடுத்தேன். விளிம்புக் கதிர்கள் 53 பாகை சரிவில் வருவதால் அதே வெயில் 13 சென்ரிமீற்றர் வட்டமாக விரிந்தது, சதுர சென்ரிமீற்றருக்குச் சராசரி 5 வோற் சொச்சம். அளந்த பிழையையும் சேர்த்து ஓட்டினால் வட்டத்தின் ஓரம் இன்னும் மெதுவாகக் கரைகிறது, ஆனாலும் அநேகமான கதிர்கள் சட்டிக்கு உள்ளேதான் விழுகின்றன. ஒளியை ஒரு முனையில் குவிக்கவேண்டிய வேலைக்கு என் டிஷ் உதவாது, ஆனால் ஒரு சட்டிக்கு இந்தப் பிழை பொறுக்கும்.

இப்போது தாங்கியில் 5 சென்ரிமீற்றருக்கு மூன்று செங்கல் துண்டுகள் வைத்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டிஷ்ஷைத் திருப்பவேண்டும், அதற்குள் ஒளி வட்டம் 2.6 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும், அந்த வேலையை அக்காவின் மகன் பொறுப்பெடுத்திருக்கிறான்.